முன்பள்ளி இடத்துக்குக் கட்டிய முற்பணம் திரும்பக் கிடைக்குமா?

கல்லடியிலிருந்து ஒரு தாய் எழுதிய கேள்வியை முதலில் வாசிக்கிறேன். "வரும் தை மாதம் மகனை முன்பள்ளியில் சேர்க்கவிருக்கிறோம். இடம் ஒதுக்குவதற்கு இப்போதே 10,000 ரூபாய் முற்பணம் கேட்கிறார்கள். கணவருக்கு அம்பாறைக்கு இடமாற்றம் வரக்கூடும். நாங்கள் போய்விட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? லண்டனில் இருக்கும் அக்கா, அங்கே முழுவதையும் திருப்பித் தருவார்கள் என்கிறார்." இந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து என் மனத்தை விட்டு அகலவில்லை.

தங்கச்சி, அக்கா சொல்வதில் உண்மை உண்டு. இங்கிலாந்தில் சிறு பிள்ளைகளின் பராமரிப்புக்கென வாரத்தில் குறிப்பிட்ட மணித்தியாலங்களுக்கு அரசாங்கமே பணம் செலுத்துகிறது. அந்த இடத்தை உறுதிப்படுத்த வாங்கும் வைப்புப்பணத்தை, பிள்ளை வரத் தொடங்கியபின் நியாயமான காலத்துக்குள் முழுமையாகத் திருப்பித் தரவேண்டும் என்று அரசின் வழிகாட்டல் சொல்கிறது. ஆனால் பெற்றோர் தாமே பணம் கட்டும் இடங்களில் அங்கும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைத்தான் பார்க்கவேண்டும்.

நம் இலங்கையில் இலவசக் கல்வி முதலாம் தரத்திலிருந்தே தொடங்குகிறது. முன்பள்ளிகளில் பெரும்பாலானவை சங்கங்கள், சமய நிறுவனங்கள், தனியார் ஆகியோரால் நடத்தப்படுபவை. பெற்றோர் கட்டும் பணத்தில்தான் ஆசிரியைக்கு ஊதியம் கிடைக்கிறது. ஆகவே முற்பணம் கேட்பதையே குற்றமாக நான் கருதவில்லை. களுவாஞ்சிகுடியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இரண்டு முன்பள்ளிகளில் இடம் பிடித்து, ஒன்றுக்கு மட்டுமே பிள்ளையை அனுப்பியது. மற்றைய முன்பள்ளியில் அந்த இடம் முதல் தவணை முழுவதும் வெறுமையாகவே கிடந்தது, காத்திருந்த பிள்ளைகளோ வேறிடங்களில் சேர்ந்துவிட்டார்கள். அந்த இழப்பை ஆசிரியை தாங்கவேண்டும் என்பது நியாயமன்று.

முன்னைய உரைகளில் சொன்னதைத்தான் மீண்டும் சொல்கிறேன்: பணத்தைக் கொடுக்கும் முன், அது எதற்கான பணம் என்று கேளுங்கள், பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். அது அனுமதிக் கட்டணமா, முதல் மாதக் கட்டணத்தில் கழிக்கப்படும் முற்பணமா, பிள்ளை விலகும்போது திரும்பக் கிடைக்கும் வைப்பா? "அனுமதி" என்று மட்டும் எழுதிய சீட்டு பின்னாளில் உங்களுக்கு உதவாது. எந்தத் திகதிக்கு முன் அறிவித்தால் எவ்வளவு திரும்பும் என்ற ஒரு வரி இருந்தால் போதும். கார்த்திகையில் நீங்கள் விலகினால் அந்த இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கலாம். மாசியில் விலகினால் அது கடினம். இந்த வேறுபாட்டை வைத்தே திருப்பித் தரும் தொகையைத் தீர்மானிக்கவேண்டும் என்பது என் கருத்து.

இதைவிட என்னை வருத்தும் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை: பணமே இல்லாதவர் என்ன செய்வது? மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் வயற்பகுதிகளிலும் பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில்தான் கைக்கு வருகிறது. முற்பணம் கேட்கும் கார்த்திகை, மார்கழியோ மழைக்காலம்; விதைப்புக்கும் உரத்துக்கும் செலவழித்து வீட்டில் காசு தீர்ந்திருக்கும். கடலுக்குப் போகமுடியாத மீனவக் குடும்பங்களின் நிலையும் அதுவே. ஆகவே அறுவடைக்குப் பின் இரண்டு தவணைகளில் கட்ட இடம்கொடுக்குமாறு முன்பள்ளி நடத்துவோரை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். பணம் பிந்தியதற்காக ஒரு பிள்ளை வீட்டில் இருக்கக்கூடாது.

உங்கள் விடயத்தில், இடமாற்றம் வரக்கூடும் என்பதை இப்போதே எழுத்தில் தெரிவியுங்கள். கிழக்கு மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகத்தில் அந்த முன்பள்ளி பதிவுசெய்யப்பட்டிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பிணக்கு வந்தால், பிரதேச செயலகத்திலுள்ள முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் முதலில் பேசுங்கள். அங்கும் தீராவிட்டால், இரு தரப்பையும் பேசி இணங்கவைக்கும் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்குச் செலவழிக்கத் தேவையில்லை, பற்றுச்சீட்டை மட்டும் மறவாமல் கொண்டுபோங்கள்.