இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு மாதா வருகிறார்

வணக்கம் எல்லோருக்கும். பின்னால் கேட்கிற சத்தத்துக்குக் குறை நினைக்காதீர்கள். பெரியவன் விறாந்தை கூட்டுகிறான். சின்னவன் அவனுக்கு முன்னால் ஓடி ஓடிக் குப்பையை மறுபடி சிதறடிக்கிறான். நடுவிலான் மேசைக்கு வெள்ளைத் துணி விரிக்கிறேன் என்று போனவன், இன்னும் ஆளைக் காணவில்லை.

இன்றைக்கு எங்கள் வீட்டில் செபமாலை. ஒக்டோபர் மாதம் முழுக்க மாதாவின் சுரூபம் எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவில், வீடு வீடாகப் போகும். நேற்றுப் பின்வீதி அக்கா வீட்டில் இருந்தது, இன்று இரவு எங்களிடம் தங்கும். மட்டக்களப்பில் எங்கள் கல்லடிக்கு இது மழை தொடங்குகிற நேரம், அதனால் பின்னேரம் வானம் கறுத்தால் வயிற்றில் புளி கரைக்கும். மழை பெய்தாலும் எங்கள் சனம் குடையைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடி வந்து சேரும், அது வேறு கதை. ஆனால் அத்தனை செருப்புச் சேற்றையும் கழுவப்போவது யார்?

நாங்கள்தான். நாங்கள் என்றால் நானும் மூன்று பொடியன்களும். ஊரில் எனக்காகப் பரிதாபப்படாத ஆள் இல்லை. "ஒரு பொம்பிளைப் பிள்ளை இருந்திருந்தால் உனக்கு ஒத்தாசையாய் இருந்திருக்குமே" என்பார்கள். ஏன், இவர்களுக்குக் கை இல்லையா? போன கிழமை மாமி வந்தபோது பெரியவன் கோப்பை கழுவிக்கொண்டு நின்றான். மாமி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்த்த பார்வை இருக்கிறதே! கொஞ்ச நேரம் கழித்து, "வடிவாய்த்தான் கழுவுகிறான்" என்றார். எனக்கு அது போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பொடியன்களை வைத்துக்கொண்டு வீட்டில் எப்படிச் செபமாலை சொல்கிறீர்கள் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முழுச் செபமாலை என்றால் 53 தரம் 'அருள் நிறைந்த மரியே' செபம். சின்னவன் மூன்றாவதிலேயே பாயில் உருளத் தொடங்கிவிடுவான். அதனால் சாதாரண நாளில் நாங்கள் ஒரே ஒரு பத்து மணிதான், அதாவது பத்துத் தரம் அந்தச் செபம் மட்டும்தான், சொல்கிறோம். ஒவ்வொரு பத்து மணிக்கும் இயேசுவும் மாதாவும் வாழ்ந்த வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சியை நினைப்போம், அதுதான் மறைபொருள். மற்ற மறைபொருள்களைச் சாமத்தில் நான் தனியாகச் சொல்லிக்கொள்வேன். தூங்கிப்போகிற நாளும் உண்டு, மாதாவுக்கும் ஒரு பொடியன் இருந்தவர்தானே, விளங்கும்.

அந்தப் பத்து மணியைத் தொடங்குமுன் ஆளுக்கு ஒரு கருத்து, அதாவது எதற்காகச் செபிக்கிறோம் என்று, சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அதில்தான் கூத்து. சனிக்கிழமை மழை பெய்யக்கூடாது, கிரிக்கெட் இருக்கிறது. கறுப்பன் நாய் திரும்பி வர வேண்டும். புலமைப்பரிசில் எழுதின பெரியம்மாவின் மகளுக்கு நல்ல புள்ளி வர வேண்டும். சின்னவனுக்கு எல்லா நாளும் ஐஸ்கிறீம்தான் கருத்து. நான் எதையும் திருத்துவதில்லை.

பெரியவனிடம் மட்டும் மாறாத ஒரு கருத்து இருக்கிறது. கோயில் வாசலில் ஏன் பையைத் திறந்து பார்க்கிறார்கள் என்று அவன் ஒருநாள் கேட்டான். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு, கோயில்களில் குண்டு வெடித்த நாள். அன்று இவன் என் இடுப்பில் இருந்த பிள்ளை. டவுனில் சியோன் தேவாலயத்தில் ஓய்வுநாள் பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் எத்தனை பேரை அந்தக் குண்டு கொண்டுபோனது. மட்டக்களப்பில் அதை மறந்த தாய் இருக்க மாட்டாள். மறைக்காமல் சொன்னேன். சொன்ன கையோடு, யார் மீதும் கோபத்தை ஊட்டிவிடக் கூடாது என்ற பயமும் இருந்தது. நோன்புப் பெருநாளுக்கு எங்களுக்கு வட்டிலப்பம் கொடுத்துவிடுகிற காத்தான்குடி வீட்டுப் பிள்ளைகளும் இவனுடைய கூட்டாளிகள்தான். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பிள்ளைகள் எந்த வகுப்பு?" என்று மட்டும் கேட்டான். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகள்தான் அவன் கருத்து.

இப்ப நான் சொல்ல வந்தது இதுதான். எங்கள் ஊர்க் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். உள்ளே பெண்களும் பிள்ளைகளும், வெளியே மரத்தடியில் ஆம்பிளைகள், கையில் மோட்டார் சைக்கிள் திறப்பு. திருவிழா என்றால் கொடி கட்ட, பந்தல் போட, சுரூபம் தூக்க முதல் ஆளாய் நிற்பார்கள். ஆயித்தியமலை மாதாவிடம் நடந்தே போவார்கள். அதை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரவு முழந்தாளில் இருப்பது அம்மாவின் வேலை என்று பொடியன்கள் பார்த்துப் பார்த்தே பழகிவிடுகிறார்கள். பத்து வயது வரை அம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருப்பான். மீசை அரும்பினால் அவனும் மரத்தடிக்குப் போய்விடுவான்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. இவர் ஆட்டோ ஓடிவிட்டு வந்து, நாங்கள் செபிக்கும்போது வாசற்படியில் இருப்பார். கூப்பிட்டால், "எனக்கு அதெல்லாம் சொல்ல வராது, நீ சொல்லு" என்பார். பிறகு எனக்கு ஒரு காய்ச்சல், தொண்டை அடைத்துச் சத்தமே வரவில்லை. பிள்ளைகள் மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். இவர் எழும்பி வந்து, சாரத்தைச் சரிசெய்துகொண்டு பாயில் முழந்தாளிட்டார். நடுவில் ஒரு இடத்தில் தடுமாறினார், நடுவிலான் எடுத்துக் கொடுத்தான். அன்றைக்குச் சின்னவன் உருளவில்லை. அப்பாவின் முதுகில் சாய்ந்துகொண்டு கடைசி வரை இருந்தான். நான் மாதக்கணக்காய்க் கத்தி வராத அடக்கம் அது!

தொண்டை சரியான பிறகும் எனக்குச் சரியாகவில்லை என்று கொஞ்ச நாள் ஓட்டினேன். இவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

இன்றைக்குத் திங்கள், மகிழ்ச்சி மறைபொருள்கள். ஐந்தாவது, காணாமல் போன இயேசுவைக் கோயிலில் கண்டுபிடித்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மூன்று நாளாய்த் தேடியிருக்கிறார்கள். இதை விளங்கப்படுத்தினபோது நடுவிலான் கேட்டான், "அம்மா, வீட்டுக்குப் போன பிறகு அடி விழுந்ததா?" பைபிளில் எழுதவில்லை மகன் என்றேன். "சூசையப்பர் என்ன சொன்னார்?" அவரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலு நற்செய்தியிலும் தேடிப் பாருங்கள், சூசையப்பர் பேசின ஒரு வார்த்தை கிடைக்காது. கனவில் எழும்பு என்றால் எழும்புவார், அந்த இரவே பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்படுவார். இவர் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, "நல்ல மனுஷன், பேச்சு வராது" என்றார். அதற்கு நாங்கள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

இரவுக்குக் கடலை அவித்திருக்கிறேன். தேங்காய்ச் சொட்டும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்தால் சரி, பிளேன்டீயும் இருக்கிறது. ஐந்தாவது பத்து மணியை இவரும் பெரியவனும் சேர்ந்து முன்சொல்லப் போகிறார்கள். பெரியவன் காலையிலிருந்து இரண்டு தரம் சேட் மாற்றிவிட்டான்.

இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறேன், இவருக்கு இன்னும் தெரியாது. வெளியே ஒரு கதிரை இல்லை. மாமரத்தடியில் கிடந்த வாங்கையும் பொடியன்களை வைத்துப் பின்பக்கம் இழுத்துவிட்டேன். வருகிற ஆம்பிளைகள் இருக்க வேண்டுமென்றால் உள்ளேதான் வர வேண்டும். என்ன நடந்தது என்று நாளைக்குச் சொல்கிறேன்.