டோரேட்: மேல்தளத்தில் ஒரு மரப்பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

அடைமழையில் நெரிசலான பேருந்தில் போயிருப்பீர்கள். சன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் சாரல். பழைய மரப் பாய்ப்படகுகளில் கீழ் அறையில் படுத்தவர்களுக்கும் இதே அவஸ்தைதான், அதுவும் நாள்கணக்கில். அதற்கு வழி கண்ட ஒரு படகைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் டோரேட்.

நியூயார்க்கின் சிட்டி ஐலண்டில் 1930-ல் கட்டிய பந்தயப் படகு இது. வடிவமைத்தபோது ஆலின் ஸ்டீவன்ஸுக்கு 21 வயதுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, காமாலையால் முதல் வருடமே படிப்பை விட்டவர். பணம் போட்டது அப்பா. குடும்பத்தின் நிலக்கரி வியாபாரத்தை விற்றிருந்தவர், மகன்களை நம்பிப் படகில் இறங்கினார். எத்தனை அப்பாக்கள் செய்வார்கள்?

பெருங்கடல் பந்தயம் என்றால் அகலமான, கனத்த படகுதான் என்று இருந்த காலம். டோரேட்டோ 52 அடி நீளம். அகலம் பத்தடிக்குச் சற்றே அதிகம். ஒல்லி. அலையைக் கிழித்துக்கொண்டு போகும், ஆனால் பின்காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும். அகலத்தை ரொம்பவே குறைத்துவிட்டதாக ஆலினே பின்னாளில் சொன்னார். இருந்தாலும் 1931-ல் அட்லாண்டிக்கைக் கடக்கும் பந்தயத்தில் சுமார் 17 நாளில் இங்கிலாந்தின் பிளிமத் வந்து சேர்ந்தது. அடுத்த படகு வர இன்னும் இரண்டு நாள் ஆயிற்று! அப்பாவும் இரண்டு மகன்களும் அதில்தான் வந்தார்கள். ஊர் திரும்பியபோது நியூயார்க்கில் ஊர்வலம்.

சரி, ஆரம்பத்தில் சொன்ன புழுக்கத்துக்கு வழி கண்ட பெட்டிக்கு வருகிறேன். ஆலினின் தம்பி ராட் என்பவரின் கைவண்ணம் அது. மேல்தளத்தில் ஒரு மரப்பெட்டி. அதன் ஒரு ஓரத்தில், காற்றை வாங்க வாய் திறந்த வளைந்த குழாய். அதற்கு நேர் கீழே ஓட்டை கிடையாது, இதைக் கவனியுங்கள். அறைக்குள் இறங்கும் குழாய் மறு ஓரத்தில் இருக்கிறது. அதன் வாய் பெட்டியின் அடித்தளத்திலிருந்து சற்று உயர்ந்து நிற்கிறது. காற்றோடு தண்ணீரும் புகுந்தால், காற்று திரும்பிக் கீழே போய்விடும். தண்ணீருக்கு அது முடியாது. பெட்டிக்குள் விழுந்து, பக்கச் சுவரின் அடியில் உள்ள சின்னத் துளைகள் வழியே தளத்துக்கே ஓடிவிடும். மறுபடி சொல்கிறேன்: இரண்டு குழாயும் ஒரே நேர்கோட்டில் இல்லை. சூட்சுமம் அவ்வளவுதான். மோட்டார் இல்லை, மூடி இல்லை. பந்தயத்தில் வென்றவர்களை மறந்துவிடலாம். நனையாமல் தூங்க வைத்தவரை மாலுமிகள் மறப்பதில்லை. இன்றும் உலகெங்கும் பாய்ப்படகுகளில் இந்தப் பெட்டி இருக்கிறது. பெயரும் டோரேட் பெட்டிதான்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். மரவேலையைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், போகட்டும். டோரேட் 1936-ல் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய் போகும் பந்தயத்தில் வென்றது. அப்புறம் பல கை மாறி, இத்தாலியில் செப்பனிடப்பட்டு, அதே ஹவாய் பந்தயத்தில் 2013-ல் மறுபடி இறங்கியது. புதுப் படகுகளுக்கு நடுவே, படகின் வேகத்திறனுக்கு ஏற்பக் கொடுக்கும் நேரச் சலுகையோடு, ஒட்டுமொத்தத்தில் முதலிடம்!

நன்றி, வணக்கம்.