காரணங்களுக்குள்ளே நம்முடைய தெரிவு

(திருகோணமலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மெய்யியலும் அளவையியலும் கற்பிக்கும் ஆசிரியர்களே, உயர்தர வகுப்பு மாணவர்களே, ஊர்ப் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது ஊரில் ஒரு மரண வீட்டுக்குப் போனால், "எழுதினபடிதான் நடக்கும், நாங்கள் என்ன செய்ய" என்ற ஆறுதலைக் கேட்காமல் திரும்ப முடியாது. அதைச் சொன்ன அதே பெரியவர், உயர்தரப் பரீட்சையில் சித்தியடையாத பேரனைப் பார்த்து, "நீ நினைச்சிருந்தால் படிச்சிருக்கலாம்" என்று கடிந்துகொள்வார். முதல் வாக்கியத்தில் மனிதனுக்குத் தெரிவே இல்லை. இரண்டாவதில் தெரிவு முழுவதும் அவனுடையது. இரண்டையும் அவர் மனமார நம்பியே சொல்கிறார். நம்மில் பெரும்பாலோரும் அப்படித்தான் வாழ்கிறோம். இந்த இரண்டு நம்பிக்கைகளில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது, சுயேச்சை, அதாவது தானாகத் தெரிவு செய்யும் ஆற்றல், என்பது உண்மையா அல்லது மனம் தனக்குத்தானே காட்டிக்கொள்ளும் தோற்றமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

அது தோற்றமே என்று வாதிடுவோரின் தரப்பை முதலில் அதன் முழுப் பலத்தோடு வைக்கிறேன். 1814இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்பிளாஸ் ஓர் எண்ணத்தை முன்வைத்தார்: ஒரு கணத்தில் உலகிலுள்ள எல்லாப் பொருள்களின் நிலையையும் அவற்றின் மீது செயற்படும் எல்லா விசைகளையும் அறிந்து, அவற்றைக் கணக்கிடவும் வல்ல ஓர் அறிவு இருக்குமானால், அதற்கு எதிர்காலமும் கடந்தகாலத்தைப் போலவே கண்முன்னே விரிந்து கிடக்கும். அந்தக் கணக்கிலிருந்து மனித மூளைக்கு மட்டும் விலக்கு உண்டு என்று சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. மூளையும் இரசாயனத்தால் இயங்குவதே. பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் பிரமிபெக்சோல் போன்ற மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். இவை மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையைச் செய்பவை. இவற்றை உட்கொள்ளும் சிலரிடம், வாழ்நாளில் சீட்டைத் தொட்டிராதவரிடம்கூட, அடக்க முடியாத சூதாட்ட வெறி தோன்றுகிறது. மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ அது பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. அந்த நாட்களில் அவரைக் கேட்டிருந்தால், தாமே விரும்பி ஆடுவதாகத்தான் அவர் சொல்லியிருப்பார். விருப்பம் உள்ளிருந்து எழுவதாகத் தோன்றுவது, அது நம்முடையது என்பதற்குப் போதிய சான்றாகாது. இந்த உண்மையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி, இந்த விவாதத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் பரிசோதனைக்கு வருகிறேன். 1983இல் அமெரிக்க நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெற்றும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அது. பங்குபற்றியவர்கள் தமக்குத் தோன்றிய கணத்தில் கையை அசைக்க வேண்டும். அவர்களுக்கு முன்னே, 2.56 செக்கனில் ஒரு சுற்றை முடிக்கும் ஒளிப்புள்ளி கடிகார முகம் போன்ற ஒரு வட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அசைக்கவேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது அந்தப் புள்ளி எங்கே நின்றது என்பதைப் பிறகு சொல்ல வேண்டும். எண்ணம், அசைவுக்கு ஏறத்தாழ 200 மில்லிசெக்கன் முன்னே எழுந்ததாக அவர்கள் கூறினார்கள். ஆனால் தலையில் பொருத்திய மின்வாய்கள், அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லிசெக்கன் முன்னரே மூளை மின்னழுத்தம் மெல்ல ஏறத் தொடங்கியதைக் காட்டின. மூளை தொடங்கிவிட்டது, மனிதனுக்குப் பிறகுதான் தெரிந்தது என்பது இதிலிருந்து பலர் எடுத்த முடிவு. 2008இல் நரம்பியலாளர் ஜோன்-டிலன் ஹைன்ஸின் குழுவினர், இடது பொத்தானா வலது பொத்தானா என்ற தெரிவைச் சில செக்கன்களுக்கு முன்பே மூளைப் படங்களிலிருந்து ஊகிக்க முடிந்ததாக அறிவித்தபோது, சுயேச்சைக்கு மரண அறிவித்தல் ஒட்டியே விட்டார்கள்.

அவசரப்பட வேண்டாம் என்று மாணவர்களை நான் கேட்டுக்கொள்கிறேன். ஹைன்ஸ் குழுவினரின் ஊகம் சரியாக இருந்தது ஏறத்தாழ 60 சதவீத வேளைகளில் மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சதவீதம் கிடைக்கும். லிபெற் கண்ட ஏற்றத்துக்கு 2012இல் நரம்பியலாளர் ஆரோன் ஷேர்கர் வேறொரு விளக்கம் தந்தார். மூளையின் செயற்பாடு எந்நேரமும் ஏறியும் இறங்கியும் கொண்டிருப்பது. எப்போது கையை அசைப்பது என்பதற்குக் காரணமே இல்லாத ஒரு சோதனையில், அந்த ஏற்ற இறக்கம் தற்செயலாக ஒரு வரம்பைத் தொடும்போது கை அசைகிறது. அசைந்த கணங்களை மட்டும் தெரிந்தெடுத்து, அங்கிருந்து பின்னோக்கிச் சராசரி பார்த்தால், முன்கூட்டியே எடுக்கப்பட்ட ஒரு தீர்மானம் போல ஓர் ஏற்றம் தெரியத்தானே செய்யும்?

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. கையை இந்தக் கணம் அசைப்பதா அடுத்த கணம் அசைப்பதா என்பதில் எதுவும் தங்கியிருக்கவில்லை. அங்கே எடைபோட நியாயம் இல்லை, இழக்க எதுவும் இல்லை. படிப்பை விட்டுவிட்டு வெளிநாடு போவதா, வயது போன தாயுடன் இங்கேயே இருப்பதா என்று மாதக்கணக்கில் உறக்கமில்லாமல் எண்ணிப் பார்க்கும் ஓர் இளைஞனின் தெரிவு அப்படிப்பட்டதன்று. அவன் பிறரிடம் கேட்கிறான், கணக்குப் பார்க்கிறான், முன்பு சரியென்று எண்ணியதைத் திருத்துகிறான். விரல் அசைவில் கண்டதை இதன்மீது ஏற்றுவதற்கு லிபெற்றின் ஆய்வில் இடமே இல்லை. லிபெற்கூட, எழுந்த தூண்டுதலைக் கடைசிக் கணத்தில் தடுக்கும் ஆற்றல் நனவுக்கு உண்டு என்றே கருதினார்.

அணுக்களின் உலகில் தற்செயல் இருப்பதாகக் குவாண்டம் இயற்பியல் சொல்கிறதே, அங்கே நம் சுதந்திரம் ஒளிந்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். காரணமின்றி என் கை தானாக எழுந்து ஒருவரை அடித்தால் அது வலிப்பு; என்னுடைய செயலன்று. தற்செயலால் சுதந்திரம் வாராது என்பதோடு இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன்.

இப்போது நம் மரபுக்கு வருவோம். புத்தர் காலத்தில் வாழ்ந்த, ஆசீவகம் என்ற துறவியர் நெறியைச் சேர்ந்த மக்கலி கோசாலர், வீசியெறியப்பட்ட நூலுருண்டை தன் நூல் தீரும்வரை உருண்டு பிரிவது போல, மூடனும் அறிஞனும் தத்தமக்குரிய பிறவிகளைக் கழித்தே தீருவர் என்றார். முயற்சியால் ஆவது எதுவும் இல்லை என்றும் கூறினார். புத்தர் இதைக் கடுமையாக மறுத்தார். இங்கே நாம் பிரித்தறிய வேண்டிய இரண்டு கருத்துகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்பது ஒன்று. நீ என்ன செய்தாலும் முடிவு மாறாது என்பது மற்றொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவது பிறப்பதில்லை. நோயாளி பிழைப்பதும் சாவதும் முன்பே முடிவாகிவிட்டது, ஆகவே வைத்தியரை ஏன் அழைக்கவேண்டும் என்ற வாதத்துக்குப் பழங்கிரேக்க மெய்யியலாளர் கிறிசிப்பஸ் சொன்ன விடை இன்றும் நிற்கிறது: அவன் பிழைப்பது முடிவாகியிருந்தால், வைத்தியரை அழைப்பதும் அதன் பகுதியாகவே முடிவாகியிருக்கும். முயற்சியும் காரணங்களுள் ஒன்று. "ஊழிற் பெருவலி யாவுள" என்று அறத்துப்பாலை முடித்த வள்ளுவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமையைப் பாடும்போது "ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்" என்றார். இது முரண்பாடு என்போர் உண்டு. தளராமல் முயல்பவனின் முயற்சியை ஊழுக்கு எதிரே நிற்கும் ஒரு வலிமையாக அவர் எண்ணிக் கணக்கில் சேர்த்தார் என்றே நான் வாசிக்கிறேன்.

இதை நம் கடற்கரையை வைத்தே சொல்ல முடியும். 2004 டிசம்பர் 26 அன்று, சுமாத்திராவுக்கு அருகே காலை ஏழு மணியளவில் கடலடி நிலம் அதிர்ந்தது. அலை நம் கிழக்குக் கரையை வந்தடைய ஒன்றரை மணி நேரத்துக்கும் கூடுதலாக எடுத்தது. அந்த நேரம் முழுவதும் மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் மக்கள் தேநீர் அருந்திக்கொண்டும் வலை இழுத்துக்கொண்டும் இருந்தார்கள். கால்கள் இருந்தன, ஓட வழியும் இருந்தது, ஆயினும் ஓடும் தெரிவு அவர்களிடம் இருக்கவில்லை. ஏனெனில் வருவது எதுவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, இந்து சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை முறைமை ஒன்று இருக்கவும் இல்லை. இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் உள்நிலத்துக்கு நகர்ந்தார்கள். பேரலை வரவில்லை. வந்திருந்தாலும் அவர்கள் அங்கே இருந்திருக்க மாட்டார்கள்.

கடல் இரண்டு நாட்களிலும் தன் விதிகளுக்கு அடங்கியே நடந்தது. அலையின் வேகத்தை ஆழத்தைக்கொண்டு கணக்கிட முடிவதால்தான் எச்சரிக்கை சாத்தியமாகிறது. கடல் காரணமின்றி நடக்குமானால் எந்த எச்சரிக்கையும் பயன்படாது. எட்டு ஆண்டுகளுக்குள் மாறியது மனிதனின் தெரிவின் பரப்பு. அதை விரித்தது அறிவு. ஆகவே காரணகாரியத் தொடர்பு நம் சுதந்திரத்தின் பகை என்ற எண்ணத்தை நான் முற்றாக நிராகரிக்கிறேன். அந்தத் தொடர்பு இல்லாத உலகில் திட்டமிடுவதும் கற்பதும் திருந்துவதும் நடவாது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். அலையில் பிள்ளையின் கையை விட்டுவிட்டேன் என்று இன்றும் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ளும் தாய்மாரும் தகப்பன்மாரும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய கை விட்டது தெரிவன்று. நீரின் விசை ஒரு மனிதப் பிடியின் வலுவைக் கடந்தது, அவ்வளவே. அவர்களிடம் சுதந்திரம் இல்லாத இடத்தில் சுதந்திரத்தை ஏற்றிப் பார்ப்பது அறியாமை மட்டுமன்று, கொடுமையும்கூட. அதே வேளை, போர்க்காலத்தில் எண்ணித் துணிந்து செய்யப்பட்டவற்றுக்கு "காலம் அப்படி" என்று விளக்கம் சொல்வோரும் எல்லாத் தரப்பிலும் உண்டு. சுதந்திரம் இருந்த இடத்தில் அது இருந்ததை மறுப்பதும் அதே அளவு பிழை.

அப்படியானால் சுயேச்சை, உண்டா இல்லையா என்று ஒரே சொல்லில் விடை காணக்கூடியதன்று. நியாயங்களை அறிந்து, எடைபோட்டு, அதற்கேற்பத் தன் விருப்பங்களையே ஒழுங்குபடுத்தும் ஆற்றல் அது. கூடியும் குறைந்தும் இருப்பது. 1971இல் ஹரி பிராங்பேர்ட் என்ற மெய்யியலாளர், போதைக்கு அடிமையாகி, அந்த விருப்பம் தனக்கு வேண்டாம் என்று விரும்பியும் அதனால் இழுத்துச் செல்லப்படும் மனிதனைக் காட்டினார். ஹெரோயினையும் ஐஸையும் விட முடியாமல் அழும் பிள்ளைகளின் வீடுகள் நம் ஊரிலும் உண்டு. "மனம் வைத்தால் விடலாம்" என்று அவனுக்குச் சொல்கிறோம். வைக்கவேண்டிய அந்த மனம்தானே நோயுற்றிருக்கிறது? அவனுக்குச் சிகிச்சையும், பழைய கூட்டத்திலிருந்து விலகியிருக்க ஓர் இடமும், செய்ய ஒரு தொழிலும் கிடைத்தால் அவனுடைய சுதந்திரம் அங்குலம் அங்குலமாகத் திரும்பி வரும். வந்தபின் அவனிடம் பொறுப்பை எதிர்பார்க்கலாம், எதிர்பார்க்கவும் வேண்டும்.

நம்மை நாமே படைத்துக்கொள்ளவில்லையே, பிறப்பும் வளர்ப்பும் மூளையும் நம் கையில் இருக்கவில்லையே என்ற கடைசி ஆட்சேபம் எஞ்சி நிற்கிறது. அதை நான் ஏற்கிறேன். வேரோடு முதலிலிருந்து தன்னைத் தானே ஆக்கிக்கொண்ட சுதந்திரம் எவருக்கும் இல்லை. அந்த வகையில் அது தோற்றமே. அதனால் விழுவது, ஒருவன் துன்பப்படுவதையே நியாயமென்று கொண்டாடும் பழிவாங்கும் உணர்ச்சி. அது விழட்டும். பிறரைக் காப்பதற்கும் அவனைத் திருத்துவதற்குமான பொறுப்புக்கூறல் விழுவதில்லை.

நம் நாட்டுச் சட்டமே இந்தப் படிநிலையை ஏற்றிருக்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயலைக் குற்றமாகக் கொள்ளவில்லை. 2018ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வயதைப் பன்னிரண்டாக உயர்த்தியது. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளையாயின், தன் செயலின் தன்மையை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்பதை நீதவான் பார்க்க வேண்டும். அந்த நீதவானின் முடிவும் காரணங்களால் விளைந்ததுதானே, அதற்கு என்ன மதிப்பு என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். ஆம், காரணங்களால் விளைந்ததே. அவை வைத்திய அறிக்கையும், சாட்சியமும், அந்தப் பிள்ளை சொன்ன சொற்களுமாக இருந்தால் அது நல்ல தீர்ப்பு. கைக்கூலியோ முற்கோபமோ ஆக இருந்தால் கெட்ட தீர்ப்பு. இவற்றுள் எதுவும் தொடாத ஒரு தீர்ப்பை எந்த நீதிமன்றத்திலும் நாம் கேட்கமாட்டோம். என் நிலைப்பாடு இதுவே. மறுப்பு உள்ளவர்கள் இப்போது எழுந்து கேட்கலாம். அளவையியல் ஆசிரியர்களிடமிருந்து அதை நான் பெரிதும் எதிர்பார்க்கிறேன்.