வாய்ச்சி பிடித்த கைகள்

(யாழ்ப்பாணத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், வல்வெட்டித்துறையிலிருந்தும் ஊர்காவற்றுறையிலிருந்தும் வந்திருக்கும் கடலோடிக் குடும்பத்தாருக்கும், இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவர்களுக்கும் என் வணக்கம்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே மூன்று பாய்மரங்களோடு ஒரு பழைய போர்க்கப்பல் நிற்கிறது. அதற்கு நம் திருகோணமலையின் பெயர். 1782ஆம் ஆண்டு திருகோணமலைக் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட சண்டையின் நினைவாக அந்தப் பெயரை வைத்தார்கள். கப்பலைக் கட்டியவர்கள் ஆங்கிலேயர் அல்லர். பம்பாய்த் துறையில் வாடியா என்ற பார்சிக் குடும்பத்தின் தலைமையில் இந்தியத் தொழிலாளர்கள் மலபார்த் தேக்கில் கட்டினார்கள். 1817 ஒக்டோபரில் அது நீரில் இறங்கியது. நெப்போலியன் காலத்துப் போர்கள் இங்கிலாந்தின் ஓக் மரங்களைத் தின்று தீர்த்திருந்தன. அதனால்தான் வேலை கீழைக் கடலுக்கு வந்தது.

இந்தக் கப்பலின் கதையில் ஒரு செய்தியை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இதைக் கட்டுவதற்கான வரைபடங்கள் முதலில் 'ஜாவா' என்ற போர்க்கப்பலில் பம்பாய்க்கு அனுப்பப்பட்டன. 1812இல் அமெரிக்கரோடு நடந்த சண்டையில் ஜாவா அழிந்தது, வரைபடங்களும் போயின. இலண்டனில் மறுபடி வரைந்து அனுப்பினார்கள். வேலை சில ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. ஆனால் நின்றுவிடவில்லை, ஏனென்றால் மூலப்படி இன்னோரிடத்தில் இருந்தது.

போர்ப் பணி முடிந்தபின் அந்தக் கப்பல் வேறு பெயரில் நெடுங்காலம் இளைஞர்களின் பயிற்சிக் கப்பலாகப் போர்ட்ஸ்மவுத்தில் மிதந்தது. 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள். ஏன் அந்த ஊருக்கு? அங்கே கப்பல் கட்டும் தொழில் 1960களிலேயே படுத்துவிட்டது. ஆனால் தொழில் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள். 'வாரியர்' என்ற 1860ஆம் ஆண்டு இரும்புப் போர்க்கப்பல், எண்ணெய் இறக்கும் மேடையாகச் சீரழிந்து கிடந்த ஒன்று, 1979இல் அவர்களிடம் வந்தது. எட்டாண்டு உழைத்து அதை மீட்டு 1987இல் போர்ட்ஸ்மவுத்துக்கு அனுப்பினார்கள். அந்த வேலையில் தேறிய கைகளுக்கு அடுத்த வேலையாகத்தான் 'திருகோணமலை' வந்தது. 2001இல் அதையும் முடித்தார்கள். மூடிய தளத்திலிருந்து மிஞ்சிய அறிவு இரண்டு கப்பல்களைக் காப்பாற்றியது.

இங்கிலாந்தின் சாத்தம் கப்பல் தளத்தைப் பாருங்கள். ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' கப்பல் 1765இல் நீரில் இறங்கிய இடம் அது. 1984இல் அரசு அதை இழுத்து மூடியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு ஒரே நேரத்தில் அணைந்தது. இன்று அது அருங்காட்சியகம். ஆனால் அங்கே கயிறு திரிப்பது நிற்கவில்லை. 1618 முதல் அந்தத் தளத்தில் கயிறு திரிக்கிறார்கள். 346 மீற்றர் நீளமுள்ள ஒரே கூடம்; அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை புரிகளை இழுத்துக்கொண்டு போய் முறுக்குகிறார்கள். 1811ஆம் ஆண்டுப் பொறி இன்னும் ஓடுகிறது. வந்தவர்களுக்கு வித்தை காட்டுவதற்காக மட்டும் திரிப்பதில்லை, விற்பதற்கும் திரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் அரசுத் தளங்களில் திரித்த கயிற்றுக்குள் ஒரு நிற இழையை ஓடவிடுவார்கள், தளத்துக்கொரு நிறமாக. திருடி விற்றால் புரியைப் பிரித்த உடனே பிடிபடும். இத்தகைய நுணுக்கத்தைக் கயிற்றில் கை வைத்தவர் சொல்லிக் கேட்கும்போது அது மறப்பதில்லை. களப்புக் கரையில் மட்டை ஊறப்போட்டு, தும்பு அடித்து, கயிறு திரித்த நம் தாய்மார்களிடமும் இப்படி எத்தனையோ இருந்திருக்கும். யார் உட்கார்ந்து கேட்டோம்?

போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1980களில் அந்தத் தளத்தைச் சுருக்கியபோது, பட்டறைகளில் கிடந்த உபகரணங்களைப் பழைய இரும்புக்குப் போகவிடாமல் எடுத்து வைத்தவர்கள் அங்கே வேலை செய்தவர்களே. பிறகு அவர்கள் ஓர் அறக்கட்டளையாகச் சேர்ந்தார்கள். ஓய்வு பெற்ற தச்சர், பொருத்துநர், எழுதுவினைஞர், சம்பளமில்லை. உளியின் பெயர் என்ன, எந்த வேலைக்கு, யார் கையில் இருந்தது என்று எழுதி வைத்தார்கள். 1911ஆம் ஆண்டில் தொழில் பழக வந்த ஒரு பையனின் நாள் எப்படிக் கழிந்தது என்று காட்டும் கூடம் அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே விக்டரி நிற்கிறது, கூட்டமும் அங்கேதான். இருந்தாலும் நான் அந்தப் பையனைத்தான் மேலாக நினைக்கிறேன். தளபதிகளுக்குச் சிலை உண்டு. பழகுநனுக்கு யார் இருக்கிறார்கள்?

இனி நம் கரைக்கு வருகிறேன்.

1930களில் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'யை உங்களுக்குத் தெரியும். 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். ரொபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி அதை விலைக்கு வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். கப்பல் தலைவரான தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவருடைய ஊரவர்களும் அதைச் சூயெஸ் கால்வாய் வழியே, ஜிப்ரால்டர் தாண்டி, அத்திலாந்திக் கடந்து 1938 ஆகஸ்டில் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதற்கு முன்னும் ரங்கூன் அரிசியும் தேக்கும் ஏற்றிவர நம் கப்பல்கள் போய்வந்தன. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனதும் பாய்க்கப்பலில்தான்.

அன்னபூரணியைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். நல்லது. ஆனால் அதற்கு அடிமரமான ஏராக்கட்டை வைத்தவர்கள் எத்தனை பேர், பலகைகளுக்கு இடையில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடித்தவர்கள் யார், பாய் தைத்தவர்கள் யார்? கப்பல் கட்டும் நம் மேத்திரிமார் தாளில் வரைந்து கட்டவில்லை. வளைந்த மரத்தைப் பார்த்த உடனே அது முன்பக்க அணியத்துக்கு ஆகுமா, பின்பக்கக் கடையாலுக்கு ஆகுமா என்று கண் சொல்லிவிடும். அளவு முழத்திலும் சாணிலும் இருந்தது, கணக்கு நினைவில் இருந்தது. பெருமைப்பட வேண்டிய அறிவு அது. ஆனால் ஜாவாவோடு போன வரைபடத்துக்கு இலண்டனில் மூலப்படி இருந்தது. நம் மேத்திரியார் ஒருவர் கண்ணை மூடினால் அவருடைய கப்பலுக்கு மூலப்படி எங்கே?

இழப்புக்கு நாம் மட்டும் காரணமில்லை. 1964 டிசம்பர்ப் புயல் இருக்கிறது. 1990இல் போரால் வலிகாமம் வடக்கின் கரையை விட்டு உடுத்த துணியோடு வெளியேறியவர்கள் மரம் செதுக்கும் வாய்ச்சியையும் துளையிடும் துறப்பணத்தையுமா தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? மயிலிட்டித் துறைமுகம் 2017இல் திரும்பக் கிடைத்தது. இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் தொழிற்கல்வி அறுந்துவிட்டது. அதற்கு முன்பே கண்ணாடி இழைப் படகுகளும் வந்துவிட்டன. 1967இல் நோர்வே உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் தளம் அந்தத் தொழிலைத் தந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். விடியலில் கடலுக்குப் போகிறவனுக்கு எது இலேசோ அதுதான் நல்லது. சீநோரில் வேலை செய்தவர்களின் அனுபவமும் இதே மரபின் அடுத்த அத்தியாயம்தான். மரத்தில் வேலை செய்தவரை மட்டும் மதித்து இவர்களை விட்டுவிடக்கூடாது.

ஆகவே நான் கட்டடம் கேட்கவில்லை. அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டுவதில் நமக்கு ஆர்வம் அதிகம். கல்லை நாட்டிவிட்டு மறந்தும் விடுகிறோம். முதலில் மனிதர்களிடம் போக வேண்டும். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை, காரைநகர், குருநகர் ஆகிய ஊர்களில் தோணியோ வத்தையோ கட்டிய, பழுது பார்த்த, பாய் தைத்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கதிரையில் உட்காரவைத்து மாலை போட்டுப் பேசச் சொன்னால் நாலு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். கையில் உளியைக் கொடுங்கள், ஒரு பலகையை முன்னால் வையுங்கள், அப்போது ஒலிப்பதிவைத் தொடங்குங்கள். கை அசையும்போதுதான் சொல் வரும்.

வீட்டுக் கொட்டில்களில் துருப்பிடித்த வாய்ச்சியோ கலப்பத்து உளியோ கிடந்தால் தயவுசெய்து தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், வர்ணம் பூசாதீர்கள். கைப்பிடியின் தேய்மானத்தில்தான் அவர் அதை எப்படிப் பிடித்தார் என்பது இருக்கிறது. யாருடையது, எந்த ஊர், எந்தக் கப்பலுக்குப் பயன்பட்டது என்று ஒரு துண்டில் எழுதிக் கட்டி வையுங்கள்.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கரையில் ஏற்றிவிட்டுக் கைவிட்ட மரக்கலங்கள் இன்னும் சில உக்கிக்கொண்டு கிடக்கின்றன. அடுத்த மாரிக்கு எது நிற்கும், எது சரியும் என்று தெரியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அணியத்திலிருந்து கடையால் வரை, விலாமரமான வங்குக்கு வங்கு அளந்து, தாளில் வரைந்து முடிக்க வேண்டும். கட்டத் தெரிந்த பெரியவர் ஒருவராவது பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். அளவுநாடாவும் வரைதாளும் நான் கொண்டுவருகிறேன். மழைக்கு முன் தொடங்க வேண்டும். வரக்கூடியவர்கள் இப்போதே கையை உயர்த்துங்கள். பெயர்களை எழுதிக்கொண்டுதான் மேடையை விட்டு இறங்குவேன்.