கடைசி ஆளின் வேகம்

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் பத்திருபது பேராகச் சேர்ந்து நடக்கக் கிளம்பினால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மைல்?" என்பதுதான். என்னைக் கேட்டால், வழியில் எத்தனை தாண்டுபடி என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

வயல் வேலிக்குக் குறுக்கே இரண்டு பலகையைச் செருகி, ஆள் ஏறி இறங்கலாம், ஆடு தாண்ட முடியாது என்று வைத்திருப்பார்களே, அந்தப் படியைத்தான் சொல்கிறேன். ஒருவர் ஏறி இறங்க அரை நிமிடம். இருபது பேருக்குப் பத்து நிமிடம். ஆறு மைலில் எட்டுப் படி வந்தால் எண்பது நிமிடம் அங்கேயே போச்சு! மதியச் சாப்பாட்டுக்குப் பப்பில் சொல்லி வைத்த நேரம் தவறுவது பெரும்பாலும் இதனால்தான்.

நேரம் போனால் போகட்டும். முதலில் தாண்டியவர் பத்து நிமிடம் நின்று, தண்ணீர் குடித்து, இளைப்பாறிவிடுகிறார். கடைசி ஆள் காலை ஊன்றியதும் "சரி, எல்லாரும் வந்தாச்சு, போகலாம்" என்று குழு கிளம்பிவிடும். ஓய்வே தேவைப்படாதவருக்கு ஓய்வு. மூச்சு வாங்குகிறவருக்கு ஒன்றும் கிடையாது. மூன்றாவது படியில் அவர் தடுமாறுவது வயதால் அல்ல, இதனால். ஆகவே கடைசி ஆள் வந்த பிறகு மூன்று நிமிடம் நில்லுங்கள். திரும்பவும் சொல்கிறேன், அவர் வந்த பிறகு.

ஏறும்போது பலகையின் நடுவில் மிதிக்காதீர்கள், அது வளையும், தேய்ந்து வழுக்கும். கம்பத்தை ஒட்டி மிதியுங்கள். கைத்தடியின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். ஏணியில் இறங்குவது போல முகத்தைப் படிப்பக்கம் வைத்து இறங்குங்கள். குதிக்கவே கூடாது, எல்லாரும் மிதித்துச் சேறான இடம் அதுதான், கணுக்கால் பிசகுவதும் அங்கேதான். பூட்டிய பண்ணைக் கேட்டில் ஏற நேர்ந்தால், கீல் இருக்கும் பக்கமாக ஏறுங்கள். மறுமுனையில் ஏறினால் கேட் தொய்ந்துவிடும்.

வரிசையின் கடைசியில் வழி தெரிந்த, தெம்பான ஒருவர் வர வேண்டும். பலர் செய்வது போல மெதுவாக நடப்பவரை அங்கே விட்டுவிடக் கூடாது. புதர்ப்பக்கம் ஒதுங்குகிறவர் பையைப் பாதையோரம் வைத்துவிட்டுப் போகட்டும்; பை கிடந்தால் ஆள் இன்னும் வரவில்லை என்று பின்னால் வருகிறவருக்குப் புரியும்.

கோதுமை வயலுக்குள் மஞ்சள் அம்பு காட்டினால் தயங்க வேண்டாம். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கான பொதுப்பாதை. உழுது விதைத்தாலும் பதினான்கு நாளுக்குள் ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதையைத் திருப்பி அமைத்துத் தர வேண்டியது சட்டப்படி விவசாயியின் பொறுப்பு. நீங்கள் ஒற்றை வரிசையில் போனால் போதும்.

புதிதாகத் தொடங்குகிற குழுவுக்கு டெர்பிஷயரில் பாஸ்லோவிலிருந்து சாட்ஸ்வொர்த் மாளிகையின் பூங்கா வழியாக எடென்சருக்குப் போகும் பாதையைச் சொல்வேன். இயற்கை போலத் தெரியும் அந்தப் புல்வெளி 1760களில் நிலத்தோட்ட வடிவமைப்பாளர் கேபபிலிட்டி பிரவுன் திருத்தி அமைத்தது. மரங்களைப் பாருங்கள், அடிக்கிளைகள் கோடு போட்டு வெட்டியது போல ஒரே உயரத்தில் நிற்கும். அது மானும் ஆடும் எட்டித் தின்ற உயரம், எந்தத் தோட்டக்காரரும் கத்தரிக்கவில்லை. எடென்சர் கிராமத்தையே மாளிகையின் பார்வையில் படாமல் இருக்க மாளிகைக்குச் சொந்தக்காரரான ஆறாம் டெவன்ஷயர் டியூக் இடம் மாற்றினார். 1838இல் வேலை தொடங்கியது. ஒரே ஒரு வீடு மட்டும் பழைய இடத்தில் தனியாக நிற்கிறது. அதன் கதை நீளம்... ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம், நேரம் ஆகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள்.

காலணி, மழையங்கி எல்லாம் இன்னொரு நாள். மாட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். கன்றோடு பசு நின்றால் நடுவே புகாமல் சுற்றிப் போங்கள். நாயை வாரில் பிடித்திருங்கள். ஆனால் மாடு துரத்தினால் வாரை விட்டுவிடுங்கள். அது குறி வைப்பது நாயை. நாய் ஓடித் தப்பிக்கும், உங்களால் முடியாது. வணக்கம்.