பாக்ஸர் நாய்க்கு ஜாதகம் பாத்த கதை

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு கால்நடை டாக்டர், பாதி நாள் நாய் நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வச்சுகிட்டு உக்காந்திருக்கற ஆளு. இன்னைக்கு பாக்ஸர் நாயப்பத்தி பேசலாம்னு வந்தேன். பாக்ஸர் தெரியும்ல, சப்பை மூக்கு, தொங்கற கன்னம், சந்தோஷம் வந்தா இடுப்ப வளைச்சு வளைச்சு ஆட்டும். அப்படி ஒரு நாய் ஆறு வயசுல திடீர்னு ஒரு நாள், காலைல நல்லா சாப்ட்டு, கேட்ல யாரோ வந்தாங்கன்னு குரைச்சுகிட்டே ஓடி பொத்துனு விழும். சிலது அரை நிமிஷத்துல எழுந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி நம்மள பாக்கும், சிலது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. வீட்ல வலிப்புன்னு நினைப்பாங்க, இல்லன்னா எவனோ விஷம் வச்சுட்டான்னு பக்கத்து வீட்டுக்காரர் மேல சந்தேகம் வரும், பாவம் அந்த மனுஷன்.

விஷயம் இதயத்துல இருக்கு. வலது பக்க கீழறையோட தசை கொஞ்சம் கொஞ்சமா கொழுப்பாவும் நாராவும் மாறிடுது, அந்த எடத்துல மின்துடிப்பு தாறுமாறாகுது. ஏஆர்விசின்னு சுருக்கமா சொல்லுவோம். பாஸ்டன்ல நீல் ஹார்ப்ஸ்டர்னு ஒரு டாக்டர் 1980கள்ல இத தனி நோயா விவரிச்சு எழுதினாரு. கொடுமை என்னன்னா ஸ்டெதஸ்கோப்புல பெரும்பாலும் ஒண்ணும் கேக்காது. பாக்ஸருக்கு இன்னொரு பரம்பரை இதயநோய் உண்டு, ரத்தம் வெளிய போற பாதை குறுகலா இருக்கும், அதுல ஒரு இரைச்சல் கேக்கும், பிரிட்டன்ல ப்ரீடருங்க அத வச்சே நாய்ங்கள கிரேடு போட்டு ஓரளவு வடிகட்டிட்டாங்க. ஏஆர்விசியில அந்த வசதி இல்ல. நாய்க்கு ஹோல்டர்ங்கற சின்ன மெஷின மாட்டி 24 மணி நேரம் துடிப்ப பதிவு பண்ணணும், தப்பான துடிப்பு நூறு தாண்டினாலே எங்களுக்கு சந்தேகம் வரும். அதுலயும் இன்னைக்கு சுத்தமா வர்ற ரிப்போர்ட் ரெண்டு வருஷம் கழிச்சு மாறும். அதுக்குள்ள அந்த ஆண் நாய் எத்தனை ஈத்துக்கு அப்பாவாகி, அதோட குட்டிங்களும் குட்டி போட்டிருக்கும்.

அப்போ முன்கூட்டி கண்டுபிடிக்க என்ன வழி? இங்கதான் புரூஸ் கட்டனாக் வர்றாரு. இங்கிலாந்துல ஹார்வெல்ங்கற ஊர்ல எலி மரபியல் ஆராய்ச்சி பண்ண பெரிய விஞ்ஞானி, ராயல் சொசைட்டி ஃபெலோ. வீட்டுக்கு வந்தா பாக்ஸர் ப்ரீடர், ஸ்டெய்ன்மியர்னு அவர் நாய்ங்களுக்கு குடும்பப் பேரு. வால் வெட்டறது பிடிக்காம, கோர்கி நாயோட சேத்து பிறவியிலேயே குட்டை வால் உள்ள பாக்ஸர உருவாக்கின ஆளும் இவர்தான், அது தனி கதை. இந்த மனுஷன் திடீர்னு செத்த நாய், மயங்கி விழுந்த நாய்னு ஒவ்வொண்ணோட வம்சாவளிய எடுத்து வச்சு வரைய ஆரம்பிச்சாரு.

வம்சாவளி பேப்பர்ல அஞ்சு தலைமுறை எடுத்தா 62 பேரு வரும். வரையறப்போ ஆணுக்கு சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தா உள்ள கருப்பு. கிட்டத்தட்ட ஜாதகக் கட்டம்தான், ஆனா இது பலிக்கும். வரைஞ்சுகிட்டே போனா அப்பா வழியிலயும் அதே பேரு, அம்மா வழியிலயும் அதே பேரு. நம்ம ஊர்ல குழந்தைக்கு ஏதாவதுன்னா டாக்டர் "சொந்தத்துல கல்யாணமா"ன்னு கேப்பாங்கல்ல, ஜாதி நாய்ங்கள்ல அந்த கேள்விக்கு பெரும்பாலும் ஆமான்னுதான் பதில். அமெரிக்க பாக்ஸர எடுத்துக்கோங்க, 1930கள்ல ஜெர்மனிலேர்ந்து போன நாலு ஆண் நாய்ங்கதான் அந்த இனத்துக்கே தூண் மாதிரி, சிகூர்ட், டோரியன், லுஸ்டிக், உட்ஸ். சிகூர்ட் மத்த மூணுக்கும் தாத்தா முறை வேற. அதனால அவங்க மேல பழி போடறேன்னு நினைக்காதீங்க, அந்த ஆதாரம் இல்ல, எவ்வளவு குறுகலான குடும்பம்னு காட்டத்தான் சொன்னேன்.

பிரிட்டிஷ் நாய்ங்கள பின்னாடி தள்ளிகிட்டே போனப்போ, நோய் வந்த கோடெல்லாம் அமெரிக்காலேர்ந்து இறக்குமதியான ஒரு சில நாய்ங்க கிட்ட போய் சேந்துச்சு. அதுக்கு முன்னாடியே 2010ல அமெரிக்க கால்நடை இதய டாக்டர் கேத்ரின் மியூர்ஸோட குழு ஸ்ட்ரையாட்டின்ங்கற ஜீன்ல எட்டு டிஎன்ஏ எழுத்து விட்டுப்போயிருக்குன்னு கண்டுபிடிச்சு, அதுக்கு டெஸ்ட்டும் வந்திருந்துச்சு. எல்லாரும் அப்பாடான்னு இருந்தாங்க. ஆனா டெஸ்ட்ல மாட்டின நாய் வயசாகி நிம்மதியா சாகுது, மாட்டாத நாய் மயங்கி விழுது. கட்டனாக்கும் இதய டாக்டர்களும் சேந்து 2015ல எழுதினது என்னன்னா, அந்த ஜீன் குற்றவாளி இல்ல, குற்றவாளிக்கு பக்கத்து வீட்ல குடியிருக்கற ஆளு, ஒரே குரோமோசோம்ல கிட்ட கிட்ட இருக்கறதால பெரும்பாலும் ரெண்டும் சேந்தே குட்டிக்கு போகுது, எப்பவாவது பிரிஞ்சுடுது. லேப் டெஸ்ட்டோட ஓட்டைய பென்சில்ல போட்ட கட்டம் காட்டிக்குடுத்துச்சு. எனக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம் உண்டு, ஒத்துக்கறேன்.

சரி, என் கதை ஒண்ணு. ஒரு பாக்ஸருக்கு ஹோல்டர் மாட்டி அனுப்பினேன். நெஞ்சுல நாலஞ்சு எடத்துல ரோமம் சிரைச்சு ஸ்டிக்கர் ஒட்டி, மேல ஒரு சட்டை, கூட ஒரு நோட்டு. வீட்டு அம்மா அழகா எழுதியிருந்தாங்க, "10.40, பூனைய துரத்தினான். 10.42, பேண்டேஜ கடிச்சான், திட்டினேன்." பதிவுல 10.40 பக்கத்த பாத்தா தாறுமாறான துடிப்பு வரிசையா ஓடுது. மருந்து ஆரம்பிச்சோம். அப்புறம் வம்சாவளி பேப்பர வாங்கி டேபிள்ல விரிச்சு வரைய உக்காந்தேன். பேரு இருக்கு, ஷோ பட்டம் இருக்கு, கலர் இருக்கு, எந்த நாய் எப்ப எதனால செத்துச்சுன்னு ஒரு வரி இல்ல. ப்ரீடருக்கு போன் போட்டேன்.

"அண்ணே, இதோட அப்பா இருக்கா?"

"இல்ல சார், போன வருஷம் போயிட்டான்."

"எத்தனை வயசு?"

"ஆறரை. ஒரு வியாதி வெக்கை கிடையாது சார், ராத்திரி படுத்தவன் காலைல எந்திரிக்கல. நல்ல சாவு."

நான் பென்சில எடுத்து அந்த சதுரத்துக்குள்ள ஒரு கேள்விக்குறி போட்டேன். அப்புறம் அந்த அப்பாவுக்கு எத்தனை ஈத்து இருக்கும்ணேன்னு கேட்டேன். எண்ணிட்டு கூப்பிடறேன்னாரு.