அரிசிப் பெட்டி உண்மையா? ‘தி ரெட் ஸ்லீவ்’ தொடர் பற்றிய நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்த முறை ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “‘தி ரெட் ஸ்லீவ்’ என்ற கொரியத் தொடரில் அரசர் யொங்ஜோ சொந்த மகனையே அரிசிப் பெட்டிக்குள் அடைத்துக் கொன்றதாக வருகிறது. நிஜமாகவே நடந்ததா? கொல்வதுதான் முடிவு என்றால் விஷம் கொடுத்திருக்கலாமே, ஏன் இவ்வளவு கொடூரம்? அப்புறம், பேரன் சானைப் பிடித்திருக்கிறது என்றால் ஓர் உத்தரவு போட்டு எதிரிகளை அடக்க வேண்டியதுதானே? அமைச்சர்களுக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம்?”

நடந்ததுதான். 1762 கோடைக்காலம். சோல் நகரில் இப்போதும் இருக்கிற சாங்க்யொங் அரண்மனையின் முற்றம். பட்டத்து இளவரசர் சாதோவுக்கு 27 வயது. அவருக்கு மனநோய் முற்றியிருந்தது. ஆடை உடுத்துவதே பயமாகி, ஒரு உடுப்பை அணிவதற்குள் பலவற்றைக் கிழித்தும் எரித்தும் போடுவார் என்று அவருடைய மனைவி ஹ்யெக்யொங் சீமாட்டி நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பணியாட்களைக் கொன்றதும் அதில் இருக்கிறது. இறுதியில் “இனி பொறுக்க முடியாது, பேரனையாவது காப்பாற்றுங்கள்” என்ற பொருளில் அரசரிடம் முறையிட்டது சாதோவைப் பெற்ற தாய் யொங்பின்தான். எத்தனை முறை படித்தாலும் என்னால் எளிதில் கடந்து போக முடியாத இடம் இது.

அன்றைக்கு யொங்ஜோ முதலில் மகனைத் தற்கொலை செய்துகொள்ளச் சொன்னார். சாதோ முயன்றபோதெல்லாம் கூட இருந்தவர்கள் தடுத்தார்கள். பத்து வயதுகூட நிறையாத சான் உள்ளே ஓடிவந்து, தலைத்தொப்பியையும் மேலங்கியையும் கழற்றிவிட்டு, அப்பாவுக்குப் பின்னால் தரையில் விழுந்து கும்பிட்டான். தாத்தா அவனைத் தூக்கி வெளியே அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் பெட்டி வந்தது. எட்டு நாள். இளவரசர் அதற்குள்ளேயே இறந்துபோனார்.

சரி, விஷம் ஏன் இல்லை? ஜோசன் என்ற அன்றைய கொரிய நாட்டில் விஷக் கிண்ணம் என்பது அரசர் குற்றவாளிக்கு அனுப்புகிற முறையான மரண தண்டனை. சரித்திரத் தொடர்களில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள்: ஓலைப் பாயில் மண்டியிட்டு, அரண்மனை இருக்கும் திசையைக் கும்பிட்டுவிட்டுக் குடிப்பார்கள். அதைக் கொடுத்தால் சாதோ தண்டிக்கப்பட்ட குற்றவாளி என்று பதிவாகிவிடும். ராஜதுரோகம் என்று வழக்கு போனால் தண்டனை குடும்பத்தின் மீதும் பாயும், மனைவியும் பிள்ளைகளும் தப்ப முடியாது. அப்படியானால் சானும் அவன் அம்மாவும் தொலைந்தார்கள். யொங்ஜோவுக்கு வேறு வாரிசு கிடையாது, சான்தான் எல்லாம். வழக்கும் இருக்கக் கூடாது, தீர்ப்பும் இருக்கக் கூடாது, அரச ரத்தமும் சிந்தக் கூடாது, ஆனால் ஆள் இருக்கக் கூடாது. வரலாற்றாசிரியர்கள் பெட்டிக்குச் சொல்லும் முக்கியமான விளக்கம் இதுதான். நீங்கள் கேட்ட கொடூரம் கோபத்தில் மட்டும் வந்ததில்லை, பேரனின் பட்டத்தைக் காப்பாற்றப் போட்ட கணக்கும் அதில் இருக்கிறது. அதனால் அது நியாயம் ஆகிவிடாது. எனக்கு யொங்ஜோ மேல் உள்ள வருத்தம் இந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு அதிகமாகத்தான் ஆனது.

கணக்கு அதோடு முடியவில்லை. 1764-இல் யொங்ஜோ சானைச் சாதோவின் மகன் என்ற இடத்திலிருந்தே எடுத்து, எப்போதோ சிறு வயதில் இறந்துபோன தன் மூத்த மகன் இளவரசர் ஹ்யோஜாங்குக்குச் சுவீகார மகனாக எழுதிவிட்டார். சொத்துப் பத்திரத்தில் அப்பா பெயரை மாற்றி எழுதி வில்லங்கத்தை அடைக்கிற மாதிரி. இனி யாரும் சானைப் பார்த்து “குற்றவாளியின் மகன்” என்று சட்டப்படி சொல்ல முடியாது. தொடரில் சான் அப்பாவைப் பற்றி வாயே திறக்காமல் விறைத்து நிற்கிற காட்சிகளை இதை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள், வேறு மாதிரி தெரியும்.

இப்போது மூன்றாவது கேள்வி, அமைச்சர்களின் தைரியம். ஜோசன் அரசர் நினைத்ததையெல்லாம் செய்துவிட முடியாது. அரசரையும் அதிகாரிகளையும் தட்டிக்கேட்பதையே வேலையாக வைத்திருந்த மூன்று அலுவலகங்கள் இருந்தன. அவர்கள் விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பமாக எழுதிக்கொண்டே இருப்பார்கள். “ஜொன்ஹா!” (அரசே!) என்று முற்றத்தில் கும்பலாக மண்டியிட்டுக் கத்துகிற காட்சி நாடகத்துக்காக வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் அவர்களுடைய ஆயுதம். இதோடு அரசர் பேசுவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிற குறிப்பாளர்கள் வேறு. தன் ஆட்சியைப் பற்றி அவர்கள் எழுதுவதை அரசரே படிக்கக் கூடாது. 1404-இல் மூன்றாம் அரசர் தேஜொங் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தபோது “குறிப்பாளருக்குத் தெரிய வேண்டாம்” என்றாராம். விழுந்ததும் பதிவில் இருக்கிறது, தெரிய வேண்டாம் என்று சொன்னதும் பதிவில் இருக்கிறது.

அதனால் அங்கே அதிகாரச் சண்டை பெரும்பாலும் எழுத்தின் மேல்தான் நடக்கும். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற காட்சி ஒன்று. யொங்ஜோ இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, எண்பதைத் தாண்டிய வயதில், நிர்வாகத்தைச் சானிடம் ஒப்படைக்க விரும்புகிறார். ஹொங் இன்-ஹான் என்ற அமைச்சர் எதிர்க்கிறார். எந்தக் கட்சிக்காரர் யார் என்று இளவரசருக்குத் தெரிய வேண்டியதில்லை, யாருக்கு எந்தப் பதவி என்று தெரிய வேண்டியதில்லை, அரசாங்க விஷயமே தெரிய வேண்டியதில்லை என்கிறார். இந்த மனிதர் சானின் அம்மாவுக்குச் சித்தப்பா முறை! அரசர் உத்தரவைச் சொல்லச் சொல்ல, எழுத வேண்டிய செயலருக்கு முன்னால் போய் மறித்து நின்று, அவரை எழுதவிடாமல் செய்தார். கத்தி எடுக்கவில்லை. எழுதப்படாவிட்டால் உத்தரவே இல்லை என்பது அவருக்குத் தெரியும். இதை உடைத்ததும் ஓர் எழுத்துதான். அரசவைக் கட்சிகளில் ஒன்றான சோரோனைச் சேர்ந்த சொ ம்யொங்-சொன் என்பவர் ஹொங் இன்-ஹானைக் கண்டித்து ஒரு விண்ணப்பம் கொடுத்தார். அதை வைத்துத்தான் யொங்ஜோ நிலைமையைத் திருப்பி, சானுக்கு அதிகாரம் கொடுத்தார்.

அதிகாரம் வந்ததும் சான் தாத்தாவிடம் அழுது கேட்டது என்ன தெரியுமா? அரச செயலகத்தின் நாட்குறிப்பில் 1762-இல் அப்பாவைப் பற்றி இருந்த பக்கங்களை அழிக்க அனுமதி. கிடைத்தது, அந்தத் தாள்களை நீரில் கழுவி அழித்தார்கள். ஆனால் அரச வரலாற்றுப் பதிவில் கை வைக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

1776-இல் சான் ஜொங்ஜோ என்ற பெயரில் அரியணை ஏறிய அன்றே “நான் சாதோ இளவரசரின் மகன்” என்று அறிவித்தார். கொரியாவில் மிகப் பிரபலமான வாக்கியம் அது. பல வீடியோக்களில் அதோடு நிறுத்திவிட்டு, பழிவாங்கல் தொடங்கியது என்று பின்னணி இசை போட்டுவிடுகிறார்கள். அதே அறிவிப்பில், இதைச் சாக்காக வைத்து என் அப்பாவுக்கு அரசர் பட்டம் கேட்டு யாராவது கிளம்பினால் தண்டிப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார். தாத்தா எழுதிவைத்ததைக் கலைத்தால் தன் பட்டமே ஆடும் என்று அவருக்குத் தெரியும். சாதோவுக்கு அரசர் பட்டம் கிடைத்தது 1899-இல்தான், ஜொங்ஜோ போய் 99 ஆண்டு கழித்து. ஆனால் ஹொங் இன்-ஹானை விடவில்லை, 1776-லேயே மரண தண்டனை.

இன்னொன்று. எதிர்க்கட்சித் தலைவர் என்று நினைக்கப்பட்ட சிம் ஹ்வான்-ஜிக்கு ஜொங்ஜோ ரகசியமாக எழுதிய சுமார் 300 கடிதங்கள் 2009-இல் வெளியே வந்தன. படித்ததும் அழித்துவிடு என்று சொல்லியும் அவர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். எப்போது எந்த விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்று அரசரே அதில் சொல்லிக்கொடுக்கிறார். நல்லவர் ஒரு பக்கம், கெட்டவர் ஒரு பக்கம் என்று தொடர்கள் காட்டுவதைவிட இது எவ்வளவோ சுவாரசியம்.

தொடரில் வரும் அரண்மனைப் பெண்களின் ரகசியச் சங்கம் மட்டும் கற்பனை, அதை வரலாற்றில் தேட வேண்டாம். தொடரின் நாயகியான அரண்மனைப் பெண் தொக்-இம், சானின் விருப்பத்தை இரண்டு முறை மறுத்தாளா என்றும் பலர் கேட்டிருக்கிறீர்கள். மறுத்தாள். அவள் இறந்த பிறகு ஜொங்ஜோவே கல்லறைக் குறிப்பில் அதை எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும், அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.